தேதி கேட்டு மூன்று மலை ஏறினோம்

மே மாதத்துச் சனிக்கிழமை, காலை ஆறேகால் மணி. பாறசாலை முக்கில் ஐந்து பேர் பஸ்ஸுக்கும், நெய்யாற்றின்கரையிலிருந்து வர வேண்டிய ஆறாவது ஆளுக்கும் காத்து நின்றோம். கூனிச்சி, கொண்டகெட்டி, காளிமலை என்று மூன்று உச்சிகளையும் ஒரே பகலில் நடந்து பார்த்துவிட்டு இரவுக்குள் வீடு திரும்புவது எங்கள் திட்டம். திருவிதாங்கூர்-கொச்சி சர்க்கார் நடந்த காலம் அது; மாகாணங்களைப் பிரிக்கக் கமிஷன் போட்டிருந்தார்கள். எந்தத் தாலுகா தமிழ்நாட்டோடு சேரும், எது இங்கேயே நிற்கும் என்ற சண்டையில் சாயாக்கடை பெஞ்சுகள் உடைந்துகொண்டிருந்தன.

ஆறு பேரில் இருவர் வாய் திறக்காமல் நடக்கும் புண்ணியவான்கள். அவர்களை விட்டுவிடலாம். சைக்கிள் கடை வைத்திருக்கும் என்னையும் விட்டுவிடலாம். மிச்சம் மூன்று பேர்தான் என் பிராணனை வாங்கியவர்கள்.

தங்கையன் கம்பவுண்டர். அவனுடைய தங்கை சாந்தாவை நெய்யாற்றின்கரையில் பேசி முடித்து ஒரு வருஷம் ஆகிறது. இரண்டு வீடும் ஒரே மிஷன் சபை. ஆனால் மாப்பிள்ளை வீட்டார் மலையாளக்காரர்கள். மாப்பிள்ளையின் அண்ணன் யோகன்னான் சார், வக்கீல் குமாஸ்தா. தேதி கேட்கப் போகும்போதெல்லாம் ‘எல்லைக் காரியம் தெரியட்டும்’ என்று திருப்பி அனுப்புவார். அவருக்கு மலை ஏறுவதில் பைத்தியம் என்று தெரிந்து தங்கையன் இந்த நடையை ஏற்பாடு செய்தான். உச்சிக் காற்றில் மனிதர் மனம் குளிர்ந்து நிற்கும்போது தேதியை வாங்கிவிட வேண்டும்.

வழி தெரிந்த ஒரே ஆள் எண்ணெய்க்கடைச் செல்லப்பன். தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று எல்லைக் கூட்டம் எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் இருப்பவன் அவன். அதுதான் எங்கள் தலையெழுத்து.

“எலே செல்லப்பா, எல்லைன்னு ஒரு சொல்லு உனக்க வாயில வரப்பிடாது” என்றான் தங்கையன்.

“நான் என்ன கொச்சுப்பிள்ளையா? மிண்டமாட்டேன் மக்கா, வாயே திறக்கமாட்டேன்.”

நெய்யாற்றின்கரை பஸ்ஸில் யோகன்னான் சார் வந்து இறங்கினார். மலையடிவாரத்து வெள்ளறடைக்குப் பத்துப் பதினோரு மைல், ஆளுக்கு ஆறணா. ஏழே முக்காலுக்கு அங்கே சேர்ந்து சாயா குடித்தோம். கடைக்காரி எங்களை மேலும் கீழும் பார்த்தாள். “மழையிட்டக் கேட்டிட்டா ஏறுதிய? இன்னிக்கு அது யாரு சொன்னாலும் நிக்காது” என்றாள். அன்று நான் கேட்ட ஒரே உருப்படியான பேச்சு அதுதான்.

ஒன்பதரைக்குக் கூனிச்சி உச்சி. நல்ல வெயில். கீழே தென்னையும் மரச்சீனி எனப்படும் மரவள்ளித் தோட்டமும் பச்சையாய்க் கிடக்க, மேற்கே கடல் வெள்ளிக் கோடாகத் தெரிந்தது. யோகன்னான் சார் சட்டைப் பித்தானைத் திறந்துவிட்டு “எந்தொரு காற்று!” என்று கண்ணை மூடினார். தங்கையன் தொண்டையைச் செருமினான். அந்த நேரம் பார்த்து, அங்கே நட்டிருந்த சர்வேக் கல்லின் மேல் போய் உட்கார்ந்தான் செல்லப்பன்.

“சாரே, இந்தக் கல்லுக்குக் காலு முளைக்குது. கொஞ்ச நாளில நெய்யாறு வரைக்கும் நடந்து வரும், பாத்துக்கிடும்.”

“கல்லு நடக்கட்டே. நீ முதலில் நடக்கு” என்று சார் பித்தானைப் பூட்டிவிட்டு விறுவிறுவென்று இறங்கினார்.

“எல்லைன்னு நான் சொல்லல்லியே” என்றான் செல்லப்பன். அதுவும் உண்மைதான். அவனை என்ன செய்வது? யோசிப்பதற்குள் மழை கொட்டிற்று.

பன்னிரண்டு மணி, கொண்டகெட்டி. மழை ஓடிவிட்டது. சட்டை உடம்பிலேயே காய்கிற வெயில், பாறையிலிருந்து ஆவி. வாழையிலையில் மரச்சீனிக் கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும் பரிமாறினேன். சாருக்கு மறுபடி முகம் தெளிந்தது. கிழக்குச் சரிவைக் காட்டி, “மழ அங்கோட்டுப் போயி, இங்கோட்டு வெயில்” என்றார்.

“தண்ணி எங்களுக்கு, சூடு உங்களுக்கு. கமிஷன் இல்லாமலே பிரிச்சாச்சு” என்றான் செல்லப்பன்.

அவ்வளவுதான். சாப்பிட்ட கை காயும்வரை வாக்குவாதம். மீதிக் கிழங்கை இரண்டு பேர் வாயிலும் அடைக்கலாமா என்று நான் நினைத்தேன். தங்கையன் இலையைத் தொடவே இல்லை.

இரண்டு மணிக்குக் காளிமலை. ‘அங்கே என்ன பார்த்தாய்?’ என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மஞ்சு. முன்னால் போகிறவன் முதுகுகூடத் தெரியாத மூடுபனி.

“மேக்க இறங்கப்பிடாது, பாறை வழுக்கும். கிழக்க பத்துகாணிக்கு நல்ல தடம் உண்டு” என்றான் செல்லப்பன். நல்ல யோசனை. ஆனால் கிழக்கே விளவங்கோடு தாலுகா, தமிழ்நாட்டோடு சேரும் என்று எல்லாரும் சொல்லும் பக்கம்.

“ஆ பக்கம் ஞான் இறங்ஙில்ல. யோகன்னான் நம்ம பக்கம் வந்துட்டாருன்னு நாளைக்கு நீ பிரசங்கிக்கும்” என்றார் சார்.

செல்லப்பனா? நிச்சயம் பிரசங்கித்திருப்பான்.

சார் மேற்கே இறங்கினார். தங்கையனும் நானும் பின்னால் ஓடினோம். நூறு அடி போவதற்குள் அவர் கால் வழுக்கி, உட்கார்ந்தபடியே சறுக்கிப்போய், ஒரு புல் கொத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் காலுக்குக் கீழே மஞ்சு மட்டும் இருந்தது. எங்களைத் தாண்டிச் செல்லப்பன் இறங்கி வந்து, பாறையில் குப்புறப் படுத்துத் துண்டை நீட்டினான்.

“பிடியும் சாரே. நீரு விழுந்தா துக்க வீடாக்கும். கல்யாணம் இன்னும் ஒரு வருஷம் தள்ளும்.”

மேலே வந்த சார் சேறும் சகதியுமாக உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: “அம்மைக்குப் பேடியாணு, பயம். முதல் பிரசவம் பெண் வீட்டில். நடுவில் எல்லை வந்நால் கொச்சு வேற ராஜ்யத்தில் ஜனிக்கும். அதுக்கு நாளை பள்ளிக்கூடம், உத்தியோகம்?”

“ஓய், பாறசாலையும் நெய்யாத்தங்கரையும் ஒரே தாலுகா ஆக்கும்! போனாலும் ஒண்ணா, நின்னாலும் ஒண்ணா!” என்று கத்தினான் செல்லப்பன்.

சார் யோசித்தார். “தாலூக்கு முறிச்சாலோ?”

பிறக்காத குழந்தைக்கு உத்தியோகம்! தலையில் அடித்துக்கொள்ளக் கை தூக்கினேன். அதற்குள் தங்கையன் முன்னால் வந்து நின்றான். காலையிலிருந்து அதட்டிப் பேசாதவன்.

“சாரே, எனக்க தங்கச்சிக்கு இருபத்தாறு வயசு. ஒரு வருஷமாட்டு சபையில எல்லாரும் அவளப் பாத்து என்னைக்குன்னு கேக்குதாங்க. தேதி சொல்லாண்டாம். வேண்டாம்னாவது சொல்லும். அவளுக்கு வேற வழி பாக்கணும்.”

மறுபடி மழை தொடங்கிற்று. சார் கண்ணாடியைத் துடைத்தார், போட்டார், மறுபடி துடைத்தார்.

“சிங்ஙத்தில்” என்றார்.

“ஆவணின்னு சொல்லும்” என்றான் செல்லப்பன். அவன் காலை நான் மிதித்தேன்.

கிழக்குத் தடம் வழியே இறங்கினோம். சாரும் கூடவே இறங்கினார். பத்துகாணியிலிருந்து சாலை வழியாக நடந்தே வெள்ளறடை வந்து, கடைசி பஸ் பிடித்தோம். பாறசாலையில் சாரை நெய்யாற்றின்கரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, தங்கையனின் வீட்டுக்குப் போனோம். சாந்தா வாசலுக்கு வந்தாள்.

“ஆவணியில!” என்றான் தங்கையன்.

“தேதி?”

தங்கையன் என்னைப் பார்த்தான். நான் செல்லப்பனைப் பார்த்தேன். மூன்று மலை ஏறி இறங்கியும் அதைக் கேட்க ஒருவனுக்கும் தோன்றவில்லை.

சாந்தா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். “சரி. மாசம் அவரு சொன்னாருல்லியா, தேதிய நான் சொல்லுதேன். முதல் வியாழன். நாளைக்குக் கோயிலில வச்சு போதகரிட்ட நானே சொல்லுதேன். சபை கேட்டபொறவு யாரு மாத்துவா?”

பிறகு தங்கையனின் காலைப் பார்த்தாள். “அண்ணே, அட்டை கடிச்சு ரத்தம் ஒழுகுது. நில்லுங்க, உப்பு கொண்டுவாறேன்.”