கண் எழுதாத பொம்மைகள்

ஆயிரம் கண்கள் விழித்திருக்கும், ஒன்றுகூட இமைக்காது. அது என்ன?

பீங்கான் பொம்மைக் கடை. விருத்தாசலத்தில் அப்படி ஒன்றில்தான் நான் விற்பனையாளர். என் மகள் மலருக்கு ஒன்பது வயது, ஆட்டிசம் உள்ளவள். பள்ளி விட்டால் நேரே கடைக்கு வந்துவிடுவாள். வேறெங்காவது விடக்கூடாதா என்று என்னைப் போன்ற பெற்றோர் யாரும் கேட்க மாட்டார்கள்.

முதுகுகள்

நான் டீ குடித்துவிட்டு வருவதற்குள் பொம்மைகள் எல்லாம் சுவரைப் பார்த்து நிற்கும். நேராக வைப்பேன், மலர் சத்தமில்லாமல் மறுபடி திருப்பிவிடுவாள்.

ஒரு மாலை மங்கலம்பேட்டையிலிருந்து வந்த அம்மா ஒருவர் வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வரிசை வரிசையாக முதுகுகள். மெல்லத் தமக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துக்கொண்டு கேட்டார்: "இதுங்கள்லாம் யாரப் பாக்கப் பயந்துகிட்டுத் திரும்பி நிக்குது?"

வெறும் வெள்ளை

அவர் ஒன்றும் வாங்காமல் போனார். இனி பொம்மை திரும்பியிருந்தால் பிள்ளை கடைக்கு வரக்கூடாது என்று முதலாளியம்மா சொல்லிவிட்டார். பிள்ளை வராவிட்டால் நானும் வர முடியாது.

யாராவது நேராகப் பார்த்தால் மலரால் தாங்க முடியாது. மனிதர்களாவது சற்று நேரத்தில் பார்வையை எடுத்துவிடுவார்கள், பொம்மைகள் எடுப்பதில்லை. அதனால் வர்ணம் தீட்டும் அக்காவிடம் அலமாரியின் ஒரு தட்டு நிறையும் அளவுக்குப் பொம்மைகளைக் கண் எழுதாமல் தரச் சொன்னேன். புடவை, பொட்டு, சிரிப்பு எல்லாம் உண்டு. கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறும் வெள்ளை. மலர் அந்தத் தட்டுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, மெதுவாக ராகம் இழுத்தாள். மற்ற பொம்மைகளைத் தொடவே இல்லை. கடையில் அவள் பாடியது அதுதான் முதல் தடவை. அன்று வீட்டுக்கு ஜிலேபி வாங்கிப் போனேன்.

வேப்பூர் லாரி ஓட்டுநர் ஒருவர் மட்டும் அந்தத் தட்டைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்: "அண்ணே, கண்ணே இல்ல. ஆனா பாக்குதுங்க."

கரண்ட் போனபோது

அந்தப் பொம்மைகள் விற்கவில்லை. எடுத்துவிடச் சொல்ல முதலாளியம்மா நேரில் வந்தார். மழை இருட்டு. அவர் பேச ஆரம்பித்ததும் கரண்ட் போனது. மலரின் ராகம் நின்றது. ஸ்டூல் தரையில் உரசும் ஓசை கேட்டது. பிறகு முதலாளியம்மாவின் பேச்சும் நின்றது. கூப்பிட்டுக்கொண்டே இருட்டில் தடவி நடந்தேன்.

வெளிச்சம் வந்தபோது இருவரும் அருகருகே இரண்டு ஸ்டூல்களில் அந்தத் தட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். முதலாளியம்மாவின் கன்னத்தில் மலரின் உள்ளங்கை இருந்தது. இருட்டில் அவர் முகத்தைத் திருப்பி வைத்திருக்கிறாள். அவர் திரும்பாமலேயே சொன்னார்: "யாரும் பாக்காத எடம் நல்லாத்தான் இருக்குது. தட்டு இருக்கட்டும், பொண்ணும் வரட்டும்."

பிறந்தநாள் பரிசு

மலரின் பிறந்தநாளுக்கு முதலாளியம்மா கண் உள்ள பொம்மை ஒன்றும் இல்லாதது ஒன்றும் எடுத்து வைத்தார். "எது புடிக்குதோ எடுத்துக்கம்மா" என்றார்.

கண் இல்லாததைத்தான் எடுப்பாள் என்று மகளை நன்றாக அறிந்த அப்பனாக நான் காத்திருக்க, மலர் இரண்டையும் விட்டுவிட்டு, இன்னொரு ஸ்டூலை இழுத்து வந்து தன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் எனக்காகப் போட்டாள்.