எதிர்வீட்டுக்குப் போன வெறுங்கிண்ணம்

அம்மா செத்து நாலு நாளாகியும் எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளை விறைத்துப்போய்க் கிடக்குது, யாராவது கட்டிப்பிடித்து அழ வையுங்கள் என்று தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். இரண்டு பேர் வந்து கட்டிப்பிடித்தும் பார்த்தார்கள். அவர்கள்தான் அழுதார்கள். நான் அவர்களின் தோளுக்கு மேலால், பந்தலில் ஒரு கயிறு அவிழ்ந்து தொங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு போய் அதைக் கட்டினேன். தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று பார்த்தேன். அந்த நாலு நாளும் நான் செய்தது இப்படியான வேலைகள்தான்.

மனதில் அம்மாவின் முகம் கூட வரவில்லை. வந்ததெல்லாம் மூடி போட்ட ஒரு சில்வர் கிண்ணம்.

மட்டக்களப்பு நகரத்துக்குள், வாவியில் போய் முட்டி நிற்கும் ஒழுங்கை எங்களுடையது. பதினாலு வீடு. எங்கள் ஊர்ப்பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான் எழுதுவது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர வேண்டும். அதனால் ஒழுங்கையில் ஆம்பிளைகள் எல்லாரும் வந்தான் வரத்தான். பெண்கள் பிறந்த வளவுக்குள்ளேயே பிள்ளை பெற்று, அங்கேயே நரைத்து, அங்கேயே சாகிறவர்கள். அம்மாவும் எதிர்வீட்டு மாமியும் ஒரே வருடத்தில் எதிரும் புதிருமான இரண்டு வீட்டில் பிறந்தவர்கள். ஒன்றாகப் பள்ளிக்கூடம் போய், ஒன்றாகச் சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளையாகி, சொந்தமில்லாவிட்டாலும் ஆளையாள் மச்சாள் என்று கூப்பிட்டவர்கள். மனம் முறிந்தால் எழும்பிப் போக இருவருக்கும் வேறு இடம் கிடையாது.

ஒழுங்கை தொடங்கும் மூலையில் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணனை எல்லாரும் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவர் ஏறாவூரிலிருந்து காலை முதல் பஸ்ஸில் வருவார், பின்னேரம் கடைசி பஸ்ஸில் போவார். ஊரடங்கு போட்ட நாட்களில் மட்டும் கடை பூட்டிக் கிடக்கும். மண்ணெண்ணெய்ப் பீப்பாவும் கருவாடும் சவர்க்காரமும் சேர்ந்த ஒரு மணம் அந்தக் கடைக்கு. எல்லாச் சாமானையும் பழைய சோதனைப் பேப்பரில் சுருட்டித்தான் தருவார். யாரோ ஒரு பிள்ளை கணக்கில் பிழைவிட்டதை வாசித்துக்கொண்டே சீரகத்தை வீட்டுக்குக் கொண்டுவருவேன். எந்த வீட்டில் என்ன கறி, எந்த வீட்டில் அடுப்பு மூட்டவில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் ஒரு வீட்டுக் கதையை அடுத்த வீட்டில் கொண்டுபோய்ப் போடமாட்டார். அதனால்தான் அத்தனை பெண்களும் அவரை நம்பினார்கள்.

ஒழுங்கையில் பாத்திரங்கள் ஓயாமல் வீடு மாறிக்கொண்டிருக்கும். நண்டு கிடைத்தால் ஒரு கிண்ணம் எதிர்வீட்டுக்கு, பிட்டு அவித்தால் அங்கிருந்து ஒரு கிண்ணம் இங்கே. ஒரே ஒரு சட்டம்தான். வந்த பாத்திரத்தைக் கழுவி வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது. நாலு மிளகாயாவது, ஒரு பிடி சீனியாவது உள்ளே கிடக்க வேண்டும். வெறும் பாத்திரம் திரும்பிப் போவது செத்தவீட்டுக்கு மட்டும்தான். மற்ற வீட்டுக்கு அப்படி அனுப்பினால், போதும், இனி உன் உறவு வேண்டாம் என்று சொன்னதாக அர்த்தம். நடக்கத் தெரிந்த பிள்ளைக்கே இது தெரியும். அந்தச் சில்வர் கிண்ணம் போனபோது எனக்கு ஒன்பது வயது.

அந்த மாதம் எதிர்வீட்டு மாமா கட்டடத்துச் சாரத்திலிருந்து விழுந்து நாரி எலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். மேசன் வேலை செய்தவர். ஒரு சனிக்கிழமை மாமி அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் ஒரு கிண்ணத்தில் அனுப்பியிருந்தார். திருப்பி வைக்க எங்கள் வீட்டில் அந்த நேரம் ஒன்றும் இருக்கவில்லை. அம்மா கிண்ணத்தையும் சில்லறையையும் என் கையில் தந்து, காக்காவிடம் கற்கண்டு வாங்கிப் போட்டு, மூடிக் கொண்டுபோய்க் கொடு என்றார்.

காக்கா பெரிய பெரிய கட்டியாகப் பார்த்து எடுத்து, பேப்பரில் சுருட்டாமல் நேராகக் கிண்ணத்துக்குள்ளேயே போட்டார். எதிர்வீட்டுக்கோ என்று கேட்டார். ஓம் என்றேன்.

கடையிலிருந்து மாமியின் வாசல் கடப்பு வரைக்கும் எட்டு வேலி. முதல் வேலியில் ஒரு கட்டி எடுத்தேன். ஒன்று குறைந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மூன்றாவது வேலியில் இன்னொன்று. பிறகு எனக்கே தெரியாமல் கை போய்ப் போய் வந்தது. ஆறாவது வேலியில் நின்று மூடியைத் திறந்து பார்த்தால் இரண்டு சின்னக் கட்டிதான் மிச்சம். அவ்வளவு பெரிய கிண்ணத்துக்குள் இரண்டு கட்டி கிடந்தால் கேவலம், ஒன்றுமே இல்லாவிட்டால் அம்மா மறந்துபோனதாக நினைப்பார்கள் என்று முடிவு செய்தேன். நான் கெட்டிக்காரி. அந்த இரண்டையும் வாய்க்குள் போட்டுக்கொண்டேன்.

மாமி குசினி வாசலில் நின்று கிண்ணத்தை வாங்கினார். மூடியைத் திறந்தார். உள்ளே கொஞ்ச நேரம் பார்த்தார். என்னைப் பார்த்தார்.  சரி, போ மகள் என்றார்.

அதற்குப் பிறகு எதிர்வீட்டிலிருந்து கிண்ணம் வரவில்லை. அம்மா முதலில் கவனிக்கவில்லை. மாமா படுக்கையில் கிடக்கிறார், அவளுக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது என்றுதான் சொன்னார். இரண்டு கிழமை கழித்து வாவி நண்டு கிடைத்து, முருங்கையிலை போட்டுக் கறி வைத்து ஒரு சட்டி அனுப்பினார். அது போன மாதிரியே சூடு ஆறாமல் திரும்பி வந்தது. வயிற்றுக்குச் சரியில்லையாம். அன்று அம்மாவும் அந்தக் கறியைச் சாப்பிடவில்லை.

அப்புறம் என்னைப் பிடித்துக்கொண்டார். கிண்ணத்தைக் கொடுத்தாயா? ஓம். கற்கண்டு போட்டாயா? ஓம். மாமி என்ன சொன்னா? ஒன்றும் சொல்லல்ல. அடித்துக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அம்மா அடிக்கிற ஆளில்லை.

ஒரு மாதம் அம்மா ஒழுங்காகத் தூங்கவில்லை. எந்தக் கதையில் பிழைவிட்டேன், மாமாவைப் பார்க்கப் போன அன்று வெறுங்கையோடு போய்விட்டேனா, யாருக்கு முன்னால் என்ன சிரித்தேன் என்று ஒவ்வொன்றாக எடுத்து அப்பாவிடம் சொல்லிச் சொல்லிக் குழம்பினார். அப்பா அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர். பொம்பிளைகளின் சண்டை இரண்டு நாளில் சரிவரும் என்றார். அவருக்கென்ன, வந்து சேர்ந்த ஆள்.

ஒரு காலையில் அம்மா முகம் கழுவி, நல்ல சீலை ஒன்றை உடுத்திக்கொண்டு புறப்பட்டார். நேரே போய் ஏனென்று கேட்டுவிட்டு வருகிறேன் என்றார்.  அம்மா கடப்பைத் திறக்கிற நேரம் ஓடிப்போய் முந்தானையைப் பிடித்தேன்.

"போகாதீங்கம்மா. மாமி கடையில உங்களப் பத்தி ஏசினவ."

அம்மா நின்றார். என்ன சொன்னா என்று கேட்டார். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"நீங்க பெரிய பணக்காரி எண்டு எடுப்புக் காட்டுறீங்களாம். உங்கட சாமான் வீட்டுக்குள்ள வரப்படாதாம்."

அம்மா திரும்பி வந்து உள்ளுக்குக் கிடந்த கதிரையில் இருந்தார். சீலையை மாற்றவில்லை. மத்தியானம் வரைக்கும் அப்படியே இருந்தார். அதற்குப் பிறகு ஏனென்று கேட்கப் புறப்படவே இல்லை.

இதற்குப் பிறகு ஒழுங்கை அதன்பாட்டில் நடந்தது. அம்மாவும் மாமியும் காக்காவின் கடை முன்னால் பாண் வாங்க நிற்பார்கள், ஆளையாள் பார்க்காமல். காக்கா யார் முதல் வந்தாரோ அவரை அவசரமாக அனுப்பிவிடுவார். ஒரு நாள் மாமாங்கக் கோயில் திருவிழாவுக்குப் போக முதல் அம்மா என்னைக் கற்கண்டு வாங்க அனுப்பினார். காக்கா சுருளை என் கையில் வைத்தவர், விடாமல் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"இதயாவது வீட்ட கொண்டுபோய்ச் சேத்துரு புள்ள."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. கடைப்பக்கம் போவதற்கே எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருந்தது. அதற்குப் பிறகு பெரிய ரோட்டுக் கடைக்குத்தான் சுற்றிப் போனேன். ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா ஏசுவார். அங்கே சாமான் நல்லம் என்று பொய் சொல்வேன்.

நான் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் மாமா இறந்தார். அம்மா போனார். எங்கள் ஊர் வழக்கம், செத்தவீட்டில் பெண்கள் ஒருத்தரையொருத்தர் கட்டிக்கொண்டுதான் அழுவது. அம்மா மாமியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, மச்சாள் மச்சாள் என்று கதறினார். மாமியின் கைகள் மடியிலேயே கிடந்தன. நான் வாசலில் நின்று அதைப் பார்த்தேன். சொல்லியிருக்கலாம். வயது இருபத்திரண்டு. யார் என்ன செய்துவிடப்போகிறார்கள்? ஆனாலும் சொல்லவில்லை. இத்தனை வருடம் சொல்லாமல் இருந்ததற்கும் சேர்த்துக் காரணம் சொல்ல வேண்டி வரும்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் அம்மா கடைசியாகத் தெளிவாகக் கதைத்ததும் இதைத்தான்.

"அவள் ஏன்டி என்னோட கதைக்காம விட்டாள்? நான் என்ன பிழை செஞ்சன்?"

தெரியாதம்மா என்றேன். போர்வையை இழுத்துவிட்டேன். அந்த நேரமும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. இவள் என்ன பிள்ளை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் பின்னேரம் மாமி வந்தார். அம்மாவை எடுத்த அன்று தன் கடப்படியிலேயே நின்றிருந்தார், ஒழுங்கையைக் கடக்கவில்லை. இப்போது பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, பந்தலுக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். பேத்தியை வீட்டுக்கு அனுப்பினார். பந்தலில் நாங்கள் இருவரும்தான்.

சுற்றிவளைக்காமல் சொன்னேன். கிண்ணம் வெறுமையாக வந்தது என் வேலை, அம்மா கற்கண்டுக்குக் காசு தந்தனுப்பினார், வழியில் நான்தான் முழுவதையும் தின்றேன் என்றேன். முப்பத்திநாலு வருடமாகச் சொல்ல முடியாமல் கிடந்தது, சொல்லி முடிக்க அரை நிமிடம் கூட எடுக்கவில்லை.

மாமி என்னைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும் என்றார். நான் வேலி வேலியாகத் தின்றுகொண்டு போனதைக் கடையிலிருந்து பார்த்த காக்கா, அடுத்த நாளே வழக்கத்தை மீறி, தானாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார், பிள்ளை கற்கண்டு வாங்கினது, நானே போட்டுக் கொடுத்தது, மச்சாளோடு கோபிக்காதீங்க என்று. அவர் எங்கள் வீட்டிலும் வந்து சொல்லத்தான் இருந்தாராம். வேண்டாம், வாயே திறக்காதீர்கள் என்று மாமிதான் அவரைக் கெஞ்சி மறித்திருக்கிறார். காக்கா சாகும்வரைக்கும் அந்தச் சொல்லைக் காப்பாற்றினார்.

ஏன் மாமி என்று கேட்டேன்.

"உன்ட அம்மாக்குப் பெரிய கை, மகள். ஒவ்வொருக்காவும் நிறைச்சு நிறைச்சு அனுப்புவா. இவர் விழுந்த பிறகு திருப்பி வைக்க எனக்கிட்ட ஒண்டுமில்ல. வளவுக்க கிடந்த கடைசி மரவள்ளியக் கிண்டித்தான் அண்டைக்கு அனுப்பினன். இனி என்ன செய்வன் எண்டு இரிக்கக்குள்ள அந்த வெறுங்கிண்ணம் வந்திச்சு. இதச் சாட்டி விட்டுருவம் எண்டு நினைச்சன். நண்டுக்கறியத் திருப்பி அனுப்பின அண்டைக்கு எங்கட வீட்ட வெறுஞ்சோறு."

சீலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தார். மாமாவின் செத்தவீட்டில் அம்மா வந்து கட்டிக்கொண்டபோது, அத்தனை வருடம் வைத்த பொய்க்கோபத்துக்குப் பிறகு திருப்பிக் கட்டிக்கொள்ள வெட்கத்தில் கை எழும்பவில்லை என்றார். பிறகு மகன்மார் கட்டாருக்குப் போய் வீட்டுக்கு மாடியும் கட்டினார்களாம். அப்போது யாருக்கு எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்றே தெரியவில்லையாம்.

"ஒருக்கா, ஒரே ஒருக்கா உன்ட அம்மா வந்து, ஏன்டி எண்டு கேட்டிருந்தா எல்லாத்தையும் சொல்லி அழுதிருப்பன். ஒவ்வொரு நாளும் கடப்பத்தான் பாத்துக்கிட்டு இரிந்தன். அவ வரல்ல. அவக்கு நான் அவ்வளவுதான் எண்டு நினைச்சன்."

மாமி அழத் தொடங்கினார். நான் அவரின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அம்மா முகம் கழுவி, நல்ல சீலை உடுத்து, கேட்கத்தான் புறப்பட்டார். முந்தானையைப் பிடித்து மறித்தது நான். அதையும் சொல்ல வாயெடுத்தேன். மாமிக்கு வயது எழுபத்திரண்டு. அம்மா வரவில்லை என்ற கோபத்தோடு சாவதா, வந்தவரை நான் மறித்தேன் என்ற கோபத்தோடு சாவதா, எது அவருக்கு இலகு என்று எனக்குத் தெரியவில்லை. எது எனக்கு இலகு என்று மட்டும் தெரிந்தது.

அம்மா அப்படித்தான் மாமி, அவவுக்கு ரோசம் கொஞ்சம் கூடுதல் என்றேன்.