நான் அனுப்பாத மெயில்

மூக்கண்டப்பள்ளியில் உதிரிபாகங்கள் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். போன மாதம் ஒரு காலை, எங்கள் வாடிக்கையாளர் பெயரில், செய்ய வேண்டிய பாகத்தின் 'புதிய டிராயிங்' என்று மெயில் வந்தது. இணைப்பிலிருந்த ஜிப் ஃபைலைத் திறந்து உள்ளே கிளிக் செய்தேன். ஒன்றும் வரவில்லை. ஏதோ கோளாறு என்று விட்டுவிட்டேன்.

சற்று நேரத்தில், எங்களுக்குப் பாகங்கள் செய்து தரும் சூளகிரி மஞ்சுளா அக்கா போன் செய்தார்.

"ஏம்மா, நீ அனுப்புன டிராயிங்கை எத்தனை வாட்டி கிளிக் பண்ணாலும் தொறக்க மாட்டேங்குதே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அக்கா, நான் மெயிலே அனுப்பலையே!"

அனுப்பிய மெயில்களைத் திறந்து பார்த்தேன். தெரிந்த எல்லோருக்கும் என் பெயரில் அதே இணைப்பு போயிருந்தது! நெட் வயரைப் பிடுங்கினேன். "அக்கா, அது வைரஸ்! நெட்டைக் கழட்டுங்க!" என்று கத்தினேன். பிறகு ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு, தமிழிலும், எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களிடம் கன்னடத்திலும் திறக்க வேண்டாமென்று கெஞ்சினேன்.

கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் வந்து அந்த ஃபைலின் முழுப் பெயரைக் காட்டினார். "நடுவுல பிடிஎஃப்னு இருக்கு, ஆனா கடைசியில இஎக்ஸ்இ. இது டிராயிங் இல்ல மேடம், புரோகிராம்." எங்கள் அலுவலகத்திலும் மஞ்சுளா அக்கா இடத்திலும் முழுதாக ஸ்கேன் செய்து வைரஸை நீக்கினார். பாஸ்வேர்டுகளை வேறு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றினோம்.

இப்போது அனுப்பியவரின் முழு முகவரியையும் ஃபைல் பெயரின் கடைசி எழுத்துகளையும் பார்க்கிறேன். போனில் கேட்டு உறுதி செய்த பிறகே திறக்கிறேன். நான் அனுப்பும் மெயிலுக்கும் மஞ்சுளா அக்கா, "நீதானாம்மா?" என்று போன் செய்கிறார். அதில் எனக்கு வருத்தமே இல்லை.