அம்மாவுக்கு நான் வைத்த தேயிலை

முப்பது வருடத்துக்கு மேல் மலையில் கொழுந்து பறித்தவள் என் அம்மா. ஓய்வு பெற்றால் எஸ்டேட்டின் லைன் வீட்டைக் காலி செய்துவிட வேண்டும் என்பது அங்கே விதி. இரண்டு டிரங்குப் பெட்டியும் முழங்கால் வலியுமாக அவளை, மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் வழியில் நாங்கள் கட்டியிருக்கும் வீட்டுக்கு அழைத்து வந்தேன். ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, புழுக்கத்தைப் பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்லாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது சும்மா இருந்தால் எனக்குப் பொறுக்காது. அது என் பிறவிக் குணம்.

மலையை நினைத்து ஏங்குகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவளிடம் கேட்கவில்லை. ஒரு கல்யாணத்துக்கு மூணாறு பக்கம் போனபோது, நர்சரியில் முழங்கால் உயரம் வளர்ந்திருந்த எட்டுத் தேயிலைச் செடிகளை வாங்கிக் காரில் ஏற்றினேன். மதுரையில் தேயிலையா, ஆப்பிள் எப்போது வைக்கப் போகிறாய் என்று வீட்டுக்காரர் வழிநெடுகக் கேலி செய்துகொண்டே வந்தார். அம்மா செடிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தாள்.

“இதை எதுக்கு தாயி இங்க கொண்டாந்த?”

சந்தோஷத்தில் அப்படிக் கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். எதையும் எனக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதில் நான் கெட்டிக்காரி.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றியதும் இலை ஓரமெல்லாம் கருகியது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து ஊற்றினோம். ஊற்றினோம் என்கிறேன், ஊற்றியது அம்மா. நிழலுக்குப் பச்சை வலை கட்டச் சொன்னதும், மொட்டை வெயிலில் எழுந்து போய் வேரை ஓலை போட்டு மூடியதும் அவள்தான். விடிந்தும் விடியாமலும் பின்பக்கம் போய்விடுவாள். அம்மாவுக்கு இப்போதுதான் உயிரே வந்திருக்கிறது என்று அலுவலகத்தில் எல்லோரிடமும் பெருமையடித்தேன். அவள் மறுபடியும் வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தாள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

சித்திரையில் ஒரு கோடை மழை பெய்ததும் செடிகள் துளிர்த்தன. அலுவலகத் தோழிகள் பார்க்க வேண்டும் என்றார்கள். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று எங்களுக்கு விடுமுறை, அன்றைக்கே வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். அம்மா கொழுந்து பறிப்பதை நேரில் பார்க்கலாம், வீட்டுத் தேயிலையில் டீ குடிக்கலாம் என்று ஆசை வேறு காட்டியிருந்தேன். உண்மையில் கொழுந்தைத் தூளாக்க அம்மாவுக்குத் தெரியாது. எடை போடுகிற இடத்தோடு அவள் வேலை முடிந்துவிடும், அதற்கப்புறம் ஃபேக்டரிக்காரர்கள் பாடு. முதலில் பறித்த கொழுந்தை நான்தான் யூடியூப் பார்த்துக் கையால் கசக்கி, முறத்தில் பரப்பிக் காயவைத்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

“பக்கத்து வீட்டு அக்கா கூப்பிடுது. நாளைக்கு ஆத்துக்குப் போயி அழகரைப் பாத்துட்டு வரட்டா? இன்ன வரைக்கும் ஒரு தடவகூடப் பாத்ததில்ல.”

“என்னம்மா நீ, நாளைக்கு அம்புட்டுப் பேரு வாராங்க. நீ இல்லாம எப்படி? அடுத்த வருசம் நானே கூட்டிட்டுப் போறேன்.”

“சரி தாயி” என்று உடனே போய்விட்டாள். முகம்கூடச் சுளிக்கவில்லை. நான் அதற்கப்புறம் அதை நினைக்கவும் இல்லை, மறுநாளைக்கு எத்தனை டம்ளர் வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

காலையில் டிவியில் அழகர் ஆற்றுக்குள் இறங்கியதை அம்மா நின்றுகொண்டே பார்த்தாள். பிறகு தோழிகள் வந்தார்கள், நான் கூப்பிட்டேன். எங்கிருந்தோ ஒரு சாக்கைத் தேடி எடுத்து, மலையில் கட்டுகிற மாதிரி இடுப்பில் கட்டிக்கொண்டு பறிக்க ஆரம்பித்தாள். எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். வீடியோ சரியாக விழவில்லை, இன்னொரு தடவை மெதுவாகச் செய்யுங்கள் என்றாள் ஒருத்தி. அம்மா செய்தாள். டீ பச்சை வாடை அடித்தது. பிரமாதம் என்று சொல்லிக் குடித்தார்கள்.

அவர்கள் போனபின் அம்மா டம்ளர்களைக் கழுவினாள். இத்தனை வருடத்தில் திருவிழாவுக்கு ஒரு தடவைகூடவா கீழே இறங்கி வரவில்லை என்று பேச்சுக்குத்தான் கேட்டேன்.

“எங்க? சித்திரையிலதான் கொழுந்து கொட்டும். லீவு கேட்டா தொரை குடுக்க மாட்டாரு.”

குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். எனக்குத்தான் அடுப்படியில் நிற்க முடியவில்லை. எஸ்டேட்டை நடத்துகிற துரைக்காவது கொழுந்து அவன் பிழைப்பு. எட்டுச் செடியை வைத்துக்கொண்டு, வீடியோ எடுக்க ஆள் வருகிறது என்று நான் அவளுக்கு லீவு மறுத்திருந்தேன். அழுகை வந்தது, அவள் பார்த்துவிடாமல் குளியலறைக்குப் போய்விட்டேன்.

செடிகளையெல்லாம் பிடுங்கிப் போட்டுவிடுகிறேன் என்றேன். அதுகள் என்ன பண்ணின, இருந்துவிட்டுப் போகட்டும் என்றாள். வெயிலில் ஐந்து பட்டுப்போயின. மிச்சத்துக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். நீ அந்தப் பக்கமே போகாதே என்று அவளிடம் சொன்னபோது அதற்கும் “சரி தாயி” என்றாள். உத்தரவு போடாமல் அவளிடம் எப்படிப் பேசுவது என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

இந்த வருடம் கூட்டிக்கொண்டு போனேன். வைகைக்கரையில் நெரிசல் தாங்கவில்லை. அழகர் கூட்டத்துக்கு மேலே தெரிந்தபோது அம்மா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பி, குதிகாலை உயர்த்தி நின்றாள். முழங்கால் வலிப்பதாகக் காட்டிக்கொள்ளவே இல்லை. அழகருக்காக யாரோ பீய்ச்சிய தண்ணீரில் தொப்பலாக நனைந்தாள். கூட்டம் கலையத் தொடங்கியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

“இன்னைக்கு வீட்டுக்கு யாரும் வாராங்களா?”

“யாருமில்லம்மா.”

“அப்பக் கொஞ்ச நேரம் இப்படி உக்காந்துட்டுப் போவமா?”

பக்கத்திலேயே மணலில் இடம் இருந்தது. நான் சரி என்று சொல்லும்வரை அவள் உட்காரவில்லை.