அடுப்பைத் தொட்டுப் பார்க்கிறவர்

நாற்பத்தேழாவது வயதில் என் கணவர் மறுபடியும் பள்ளிக்கூடம் போனார். தோளில் ஒரு நீலப் பை, அதற்குள் கொப்பி, இரண்டு பேனை, சாப்பாட்டுப் பெட்டி. முதல் நாள், கனடாவில் நாங்கள் இருந்த மல்வேர்ன் பஸ் தரிப்பில் பக்கத்துக் கட்டடத்துக் கனகசிங்கம் அண்ணை இவரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன தியாகலிங்கம், ஸ்கூல் பையோடை நிக்கிறாய். ஆரின்ரை பிள்ளையைக் கொண்டுபோய் விடுறாய்?"

"இந்தப் பிள்ளையைத்தான் அண்ணை" என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டிவிட்டு இவர் பஸ்ஸில் ஏறிவிட்டார்.

அது 1994 மாசி மாதம். இவர் பிளாஸ்ரிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் பின்னேர ஷிப்ட். இரண்டு மணிக்கு வீட்டை விட்டுப் போனால் திரும்ப இரவு ஒரு மணியாகும். நான் பிஸ்கட் பெட்டி அடுக்கும் வேலைக்குக் காலை ஐந்தரைக்குப் போய் நாலு மணிக்கு வருவேன். இவர் மத்தியானம் சமைத்து வைத்துவிட்டுப் போவதை நான் ஆறிப்போனபின் சாப்பிடுவேன். நான் பின்னேரம் சமைத்து வைப்பதை இவர் ஆறிப்போனபின் சாப்பிடுவார். சனிக்கிழமை ஓவர்ரைம். ஒரே வீட்டில் இருந்த நாங்கள் இருவரும் விழித்திருந்து முகம் பார்த்தது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான்.

வேலையால் வந்ததும் இவர் முதலில் செய்வது அடுப்பில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. அது பழைய பழக்கம். கனடாவுக்கு வருமுன் பதினொரு வருடம் வவுனியாவில் காணிக் கந்தோரில் கிளார்க்காக இருந்தவர். காட்டை வெட்டிக் குடியேறுகிறவர்களுக்கு அரசாங்கம் காணி கொடுக்கும். கொடுத்த காணியில் ஆள் உண்மையாகக் குடியிருக்கிறானா என்று பார்க்கப் போகிற அதிகாரியோடு சைக்கிளில் போய்க் குறிப்பெடுப்பது இவருடைய வேலை.

"இஞ்சேரும், கந்தோர்க் கணக்கின்படி பாத்தால் இந்த வீட்டிலை ஆள் இல்லை" என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லுவார். "ஒரு கிழமையா நான் வரேக்கை அடுப்புக் குளிர்ந்து கிடக்கு. காணியைத் திருப்பி எடுக்கப் போறாங்கள்."

"எடுக்கட்டும், வாடகையாவது மிஞ்சும்" என்று நான் சொல்லுவேன்.

அப்போதுதான் ஒரு மருத்துவமனைக் களஞ்சியத்தில் பகல் வேலை ஒன்று இருப்பதாக, அங்கே வேலை செய்த பிரதாபன் வந்து சொன்னான். காலை ஏழிலிருந்து மூன்று மணி வரை. சனி ஞாயிறு லீவு. ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு டிப்ளோமா வேண்டும், அதுவும் ஆடி முதலாம் தேதிக்குள். இவர் படித்தவர்தான். ஆனால் சான்றிதழ்கள் எல்லாம் இடம்பெயர்ந்தபோது போய்விட்டன. பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்தில் சோதனை வைத்துக் கணக்கையும் இங்கிலீசையும் ஏற்றுக்கொண்டார்கள். மிஞ்சியது ஒரே ஒரு பாடம், கனடாச் சரித்திரம்.

"நாலு மாசம்" என்றார் இவர். "பிறகு நானும் நீரும் ஒரு மேசையிலை இருந்து சுடச்சுடச் சாப்பிடலாம்."

வகுப்பில் இவரோடு இன்னும் இரண்டு தமிழர். அகஸ்ரின் மன்னார்ப் பெடியன், முப்பது வயது, பின்னேரம் பீட்சா கொண்டுபோய்க் கொடுப்பவன். இங்கிலீஸ் நன்றாகப் பேசுவான், எழுதத்தான் பஞ்சி, பேனையைத் தொடவே அலுத்துக்கொள்வான். றோசலின் தையல் தொழிற்சாலையில் வேலை, இரண்டு பிள்ளைகளின் தாய், எழுத்துப் பிழையே விடாதவள். மூன்று பேருக்கும் ஒரே ஒரு புத்தகம். அதனால் இவர் புத்தகத்தைப் பார்த்து விடை எழுதுவார், றோசலின் திருத்துவாள், அகஸ்ரின் பிளாசாவில் போட்டோக் கொப்பி அடிப்பான். பிறகு மூன்று பேரும் பாடமாக்குவார்கள்.

நாங்கள் எல்லாரும் அப்படித்தானே படித்தோம். விடை என்றால் சொல்லுக்குச் சொல் விடை. கமாவும் தப்பக்கூடாது.

அந்தத் தவணைக்குப் பழைய காலக் கனடாவில் குற்றங்களும் தண்டனைகளும், அதோடு மேற்குப் புல்வெளிகளில் குடியேற்றமும்தான் பாடம். விஸ்கி விற்றவர்கள், குதிரை களவெடுத்தவர்கள், அவர்களைத் துரத்திய செஞ்சட்டைப் பொலிஸ். நூற்றறுபது ஏக்கர் காணி, பத்து டொலர் கட்டணம், மூன்று வருடம் குடியிருக்க வேண்டும் என்ற சட்டம். இவர் எலிவேற்றருக்கும் குப்பை போடும் அறைக்கும் இடையில் நடந்து நடந்து சொல்லிப் பார்ப்பார். எதிர்வீட்டு ஜமேக்கா அம்மா ஒருநாள் என்னை மறித்து, உன் கணவர் எந்தக் கோயில் பூசகர் என்று மரியாதையாகக் கேட்டார்.

வீட்டுக்குள் குசினி அலுமாரிக் கதவுகளிலெல்லாம் தாள் ஒட்டியிருந்தார். பருப்புப் போத்தல் எடுக்கப் போனால் குதிரைக் களவு. அரிசி எடுக்கப் போனால் நூற்றறுபது ஏக்கர். சீனிக் கதவில், 'கிங்ஸ்ரன் சிறை, 1835. கைதிகள் ஒருவரோடு ஒருவர் பேசக்கூடாது' என்று எழுதி, அதற்குக் கீழே சிறிதாகத் தமிழில், 'எங்கடை வீடு மாதிரி' என்று எழுதியிருந்தார். காலை ஐந்து மணிக்கு அதைப் படித்துவிட்டு நான் தனியே நின்று சிரித்தேன். 'இங்கே கைதிகளுக்குத் தேத்தண்ணி உண்டு' என்று அதன் கீழ் எழுதிவிட்டு வேலைக்குப் போனேன்.

சித்திரையில் சோதனை நடந்தது. மொத்தப் புள்ளியில் நாற்பது வீதம் அதற்கு. மூன்று பேரும் வெளுத்து வாங்கிவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்த கிழமை ரீச்சர், மிஸஸ் பெல்ஃபோர், வகுப்பு முடிந்ததும் மூவரையும் நிற்கச் சொன்னார். அதற்குப் பிறகு நடந்ததை அகஸ்ரின் எத்தனையோ பிறந்தநாள் விழாக்களில் நடித்தே காட்டியிருக்கிறான். பேச்சு நடந்தது இங்கிலீசில். நான் தமிழில் எழுதுகிறேன்.

ரீச்சர் மூன்று தாள்களையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். குடியேற்றக் கேள்விக்கான விடை மூன்றிலும் ஒன்றுதான், ஒரு சொல் மாறவில்லை. மூன்றிலும் கடைசி வரி, 'படம் பார்க்க: பக்கம் 112.'

"சோதனைத் தாளில் படமும் இல்லை, நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமும் இல்லை" என்றார் ரீச்சர். "யார் யாரைப் பார்த்து எழுதியது? சொல்லாவிட்டால் மூன்று பேருக்கும் பூச்சியம்."

பூச்சியம் என்றால் பாடம் போச்சு. பாடம் போனால் பகல் வேலை போச்சு. றோசலின் கண்ணைத் துடைக்கத் தொடங்கினாள். அகஸ்ரின் தமிழில் முணுமுணுத்தான்.

"அண்ணை, தண்டனையைப் படிக்க வந்து அதுக்குள்ளையே மாட்டுப்பட்டுப் போனம்."

"பொறு தம்பி" என்றுவிட்டு இவர் ரீச்சரிடம் சொன்னார்: "நாங்கள் மூன்று மூலையில் இருந்தோம். பார்த்து எழுதவில்லை. பாடமாக்கினோம்."

"மூன்று பந்தியையுமா?"

இவர் கையைக் கட்டிக்கொண்டு சொல்லத் தொடங்கினார். முதலாம் பந்தி முடிந்ததும் ரீச்சர் நிறுத்தச் சொல்லி, றோசலினைக் கைகாட்டினார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டாம் பந்தியைச் சொன்னாள். மூன்றாவதை அகஸ்ரின் சொல்லி, படம் பார்க்க, பக்கம் நூற்றுப் பன்னிரண்டு என்று முடித்தபோது ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அந்த வரியையும் ஏன் எழுதினீர்கள்?"

"அதுவும் விடையில் இருந்தது, ரீச்சர்" என்றாள் றோசலின்.

களவில்லை என்று ரீச்சர் ஒத்துக்கொண்டார். ஆனால் உங்களுக்கு இது விளங்கியிருக்கிறதா என்று எனக்கு இன்னும் தெரியாது என்றார். புத்தகத்தில் இல்லாத ஒரு கேள்வி ஒவ்வொருவரிடமும் கேட்பேன், சரியாகச் சொன்னால் பூச்சியத்தை எடுத்துவிடுகிறேன் என்றார். முதலில் இவரிடம் கேட்டார்.

"நீங்கள்தான் அந்தக் காலத்து அதிகாரி. புல்வெளியில் ஒருவன், மூன்று வருடமாக இங்கே குடியிருக்கிறேன், காணியை என் பெயருக்கு எழுது என்கிறான். அவன் சொல்வது உண்மை என்று எப்படித் தெரிந்துகொள்வீர்கள்?"

இவர் பாடமாக்கியதில் இந்த விடை இல்லை. சரி, அண்ணையின் காஸெற் சிக்கிவிட்டது என்று அகஸ்ரின் நினைத்தானாம். ஆனால் இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு வவுனியாவுக்கே போய்விட்டார். நாங்கள் வருகிறோம் என்று தெரிந்தால் முதல் நாளே குடிசை முளைத்துவிடும் என்றார். பானையை இரவல் வாங்குவார்கள், ஆட்டை இரவல் வாங்குவார்கள். ஒரு தரம் ஒரே சின்னப் பெட்டை மூன்று குடிசையில் நின்றாள், மூன்றாவது குடிசையில் யாரை அப்பா என்று கூப்பிடுவதென்று மறந்துபோனாள்.

"அதனால் எங்கள் அதிகாரி நேரே அடுப்படிக்குப் போவார். சாம்பலுக்குள் கையை வைப்பார். சூடு இருந்தால் ஆள் இருக்கிறது."

"குளிர்ந்திருந்தால் காணி இல்லையா?"

"இல்லை ரீச்சர், அவசரப்படக் கூடாது" என்றாராம் இவர். "சில வீட்டில் இரண்டு பேரும் விடிய முன்னம் கூலிக்குப் போயிருப்பார்கள். சாம்பல் குளிர்ந்திருக்கும், ஆனால் குடத்தில் தண்ணீர் புதிதாக இருக்கும். அப்போது, குடியிருக்கிறார்கள் என்று எழுதுவோம். என் வீட்டு அடுப்பும் குளிர்ந்துதான் கிடக்கிறது. இரண்டு பேர் குடியிருக்கிறோம்."

சரி, உங்களுக்குப் பூச்சியம் இல்லை என்றாராம் ரீச்சர். விட்டால் போதும் என்று அகஸ்ரின் நினைக்க, இவர் கையை உயர்த்தினார்.

"எனக்கும் ஒரு கேள்வி. குடியேறியவன் வருவதற்கு முன்னமும் அந்தப் புல்வெளியில் யாரோ அடுப்பு மூட்டியிருப்பார்களே. அந்தச் சாம்பலை யார் தொட்டுப் பார்த்தது?"

"அதைக் கடைசிச் சோதனையில் எழுதுங்கள்" என்றார் ரீச்சர். "உங்கள் சொந்த வசனத்தில்."

மற்ற இருவரும் தங்கள் கேள்விகளுக்கு எப்படியோ பதில் சொல்லிவிட்டார்கள். ஆனியில் நடந்த கடைசிச் சோதனையில் இவர் அதைத்தான் எழுதினார். இலக்கணப் பிழைகள் நிறைய, சிவப்பு மையும் நிறைய. எழுபத்தொரு புள்ளி. றோசலினுக்கு எழுபத்தெட்டு. அகஸ்ரினுக்கு ஐம்பத்திரண்டு, அவன்தான் பார்ட்டி வைத்தான்.

ஆடி மாதம் நாலாம் தேதி, திங்கட்கிழமை, களஞ்சியத்தில் முதல் நாள். அன்று நான் வேலையால் வந்து கதவைத் திறக்கும்போதே கறிவாசம் வந்தது. இவர் வேலைச் சட்டையோடு குசினியில் நின்றார்.

"தொட்டுப் பாரும்" என்றார்.

"சுட்டுப் போடும்."

"அப்ப ஆள் இருக்கு."

அன்றிலிருந்து ஐந்து வருடம், இவர் ஆஸ்பத்திரியில் படுத்த கடைசி மூன்று கிழமையைத் தவிர, ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு இருவரும் ஒரு மேசையில் இருந்து சாப்பிட்டோம். சீனிக் கதவுத் தாளை மட்டும் நான் கழற்ற விடவில்லை. இப்போதும் இருக்கிறது.

இவருடைய முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு வாழ்க்கைக் குறிப்பு வாங்க நேற்று அகஸ்ரின் வந்தான். பிறந்தது, படித்தது, வேலை, எல்லாம் ஒரு பக்கத்துக்குள் போதும் என்றான். றோசலின் கொண்டுவந்து தருகிற சாப்பாடு போதும், நீங்கள் ஒன்றும் சமைக்க வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொல்லி வைத்திருந்தார்கள். அவன் பேசிக்கொண்டே குசினிக்குள் போனவன், அடுப்பில் கையை வைத்துவிட்டுச் சட்டென்று எடுத்தான்.

"அக்கா, சுடுது."

"ஓம். சோறும் பருப்பும்தான். இருந்து சாப்பிட்டிட்டுப் போ."

கையைக் கழுவிக்கொண்டு வந்து, இவருடைய கதிரையை விட்டுப் பக்கத்துக் கதிரையில் இருந்தான். இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டான். வாழ்க்கைக் குறிப்புக்கு ஒரு பக்கம் போதாது என்று அவனிடம் சொல்லி அனுப்பினேன்.