மரணப்படுக்கையில் சொன்ன சாப்பாட்டு ஜெபம்

சபையாரே, 1924-ஆம் வருஷம், மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். மலாயாவில், ஈப்போ பக்கத்து லகாட்டில் எனக்குச் சோறு போட்ட வீட்டம்மாள் எஸ்தர் கண் திறவாமல் கிடந்தாள். காய்ச்சல். டாக்டருக்குப் பதிலாக மருந்து கொடுக்கிற ஈயச் சுரங்க ஆஸ்பத்திரி டிரெஸ்ஸர் வந்தார், கையைப் பிடித்துப் பார்த்தார், குடையை எடுத்துக்கொண்டார்.

"இனிமே கொய்னா மருந்து குடுத்துப் பிரயோசனமில்லே கிராணியாரே. சொந்தக்காரவங்களுக்குச் சொல்லி அனுப்புங்க."

சொந்தக்காரர்கள் எல்லாரும் கடலுக்கு அப்பால். பக்கத்தில் இருந்தவர்கள் அவள் புருஷன் ஞானமுத்து, சின்ன மகள் ரூபி, பிறகு நான். என்னை ஓர் ஆளாகச் சேர்ப்பதானால்.

நான் திருநெல்வேலிச் சீமையில் தமிழ் வாத்தியாராயிருந்தவன். இங்கிலீஷ் தெரியாதவனுக்கு இனி வேலையில்லை என்று நாற்பது வயதுக்கு மேல் சொல்லிவிட்டார்கள். வசதியுள்ளவர்கள் இங்கிலீஷ் படிக்க லண்டனுக்குக் கப்பல் ஏறுவார்கள். என் வசதி பினாங்கோடு நின்றுவிட்டது. ஈப்போவில் ஒரு சபையார் வயதானவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடத்தினார்கள். சுரங்க ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாயிருந்த ஞானமுத்து, என் மனைவி வழியில் தூரத்து உறவு. தன் வீட்டிலேயே தங்கச் சொன்னார். லகாட்டிலிருந்து தினமும் ரயிலில் போவேன். போனபோது இருந்த இங்கிலீஷோடு அப்படியே திரும்பி வருவேன்.

அந்த வீட்டில் ஒரு சட்டம். சாப்பாட்டு மேசையில் தமிழ் கூடாது. எதை இங்கிலீஷில் கேட்கிறாயோ அதுதான் உன் தட்டுக்கு வரும். சோறு கேட்கத் தெரியும். தண்ணீர் கேட்கத் தெரியும். ரசம் எதிரிலேயே ஆவி பறக்க இருக்கும், அதற்கு என்னிடம் வார்த்தை கிடையாது. வெறுஞ்சோற்றை விழுங்கவேண்டியதுதான். ஆனால் ஜெபத்துக்கு எல்லாரும் கண்ணை மூடித் திறக்கும்போது என் தட்டில் ரசம் ஊற்றியிருக்கும்! முதல் வாரம் அதை அற்புதம் என்றே நம்பினேன். அப்புறம்தான் எஸ்தரின் விரலில் மஞ்சள் ஈரத்தைப் பார்த்தேன்.

சாப்பாட்டு ஜெபம் முறை வைத்து நடக்கும். என் முறை வந்தால், மனப்பாடம் செய்த ஒரே இங்கிலீஷ் ஜெபத்தை ஒப்பிப்பேன். 'நாங்கள் புசிக்கப்போகிற ஆகாரத்துக்காக நன்றி' என்று அதற்கு அர்த்தம்.

மேசையை விட்டு எழுந்ததும் ரூபி பிடித்துக்கொள்வாள். "பெரியப்பா, போன தடவையும் இதே ஜெபம்தானே லா? சாமிக்கே சலிச்சுப்போயிருக்கும்."

எனக்கும் சலித்துத்தான் போயிருந்தது. இங்கிலீஷ் வரவேண்டும் என்று மாதக்கணக்கில் முழங்காலில் நின்றேன். மேலே யாரும் கேட்பதாகத் தெரியவில்லை. எஸ்தர் படுத்த அன்று என் விசுவாசம் அவளுக்கு முன்பே சாகக் கிடந்தது. உள்ளதைச் சொல்கிறேன்.

ஞானமுத்து ஜெபிக்க எழுந்தார். சபையில் இங்கிலீஷில் மழையாய்ப் பொழிகிற மனிதர். எழுந்தவர் அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டார். என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க ஜெபம் பண்ணுங்கண்ணே."

முழங்காலிட்டேன். கண்ணை மூடினேன். பழகின மாடு தன் கொட்டிலுக்குப் போவதுபோல என் நாக்கு போயிற்று. சாகப்போகிறவள் தலைமாட்டில் இருந்துகொண்டு, நாங்கள் புசிக்கப்போகிற ஆகாரத்துக்காக இங்கிலீஷில் நன்றி சொன்னேன். பாதியில் எனக்கே தெரிந்தது. நிறுத்தினால் சொந்தமாக ஒன்று சொல்லவேண்டுமே. ஆமென் வரைக்கும் போய்விட்டேன்.

"பெரியப்பா, அது சாப்பாட்டு ஜெபம்!" என்று ரூபி விம்மினாள்.

ஞானமுத்து சுவரில் தலையை முட்டிக்கொண்டார். "தமிழ்லயாச்சும் சொல்லுங்கண்ணே..."

தமிழ் வாத்தியாருக்குத் தமிழும் வரவில்லை. "ஆண்டவரே, இந்தப் பிள்ளைய எங்களுக்கு விட்டுடும்" என்றேன். அவ்வளவுதான்.

ஒன்றும் நடக்கவில்லை. மழைதான் பெய்தது. அவள் மூச்சு நூலாகிக்கொண்டே போயிற்று. ஞானமுத்து தொப்பியை எடுத்தார், சவப்பெட்டி செய்கிற சீனரிடம் சொல்லிவிட்டு வர. எடுத்த தொப்பியோடு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். போகவும் மனமில்லை, உள்ளே வரவும் தைரியமில்லை. நானும் அவளுக்காகக் கேட்பதை நிறுத்திவிட்டேன். கேட்டுத்தான் என்ன ஆயிற்று?

விளக்கேற்றும் நேரம். எஸ்தரின் நெற்றி ஈரமாக இருந்தது. சாவு வேர்வை என்று துணியை எடுத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வேர்த்தது. காய்ச்சல் விட்டு உடம்பு குளிர்ந்தது. எஸ்தர் கண்ணைத் திறந்து, என்னைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

"அண்ணே... ரசம் இருக்கா?"

ரூபி துள்ளினாள். "அம்மா! இங்கிலீஷ்ல கேளும்மா! இல்லாட்டி அப்பா குடுக்கமாட்டாரு!"

ஞானமுத்து தொப்பியை எறிந்துவிட்டு உள்ளே ஓடிவந்தார். "எந்தப் பாஷையிலயாவது கேக்கட்டும்! கழுதை, நீ போய் அடுப்ப மூட்டு!"

ரசத்தை நான்தான் வைத்தேன். மகா மோசம். தலையைத் தூக்கிப் பிடித்து முதல் கரண்டியை அவள் வாயருகே கொண்டுபோனபோது ஞானமுத்து என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அண்ணே, மத்தியானம் சொன்னீங்களே, அந்த ஜெபத்தைச் சொல்லுங்க. இப்பதான் அதுக்கு நேரம்."

சொன்னேன். அந்த ஒரு தடவைதான் அதன் அர்த்தத்தை உணர்ந்து சொன்னேன்.

இங்கிலீஷ் பரீட்சையில் தவறினேன். இப்போது செமோர் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் தமிழ்தான் சொல்லிக்கொடுக்கிறேன். லகாட் வீட்டு மேசையில் சட்டம் போய்விட்டது. நான் போனால் எஸ்தர் எல்லார் கண்ணும் திறந்திருக்கவே ரசம் ஊற்றுகிறாள்.

நம்பிக்கையற்று இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களே, சரியான வார்த்தை வரட்டும் என்று காத்திராதீர்கள். இருக்கிற ஜெபத்தைச் சொல்லுங்கள். ஆகாரம் வருமுன்னே நன்றி சொல்லிவிட்டேன் என்றுதான் அன்று வெட்கப்பட்டேன். ஆண்டவர் அந்த ஆகாரத்தைப் பிறகு அனுப்பிவைத்தார்.