சண்டையை மீட்டுத் தந்தவர்

எங்கள் அறக்கட்டளையின் செவிலியரை எல்லோரும் குடைக்காரம்மா என்றே அழைப்பார்கள். வெயிலோ மழையோ இல்லாத நாளிலும் அவர் கையில் ஒரு கறுப்புக் குடை இருக்கும். தெருநாயை விரட்ட, படியேறும்போது ஊன்ற, நேரம் மிச்சமிருந்தால் மழைக்குப் பிடிக்க என்று அதற்கு வேலை பிரித்து வைத்திருந்தார்.

இனிக் குணப்படுத்த இயலாது என்று மருத்துவமனை அனுப்பிவிட்டவர்களை வீடு தேடிச் சென்று, வலியைக் குறைத்து, புண்ணுக்குக் கட்டுப்போட்டு, குடும்பத்துக்கும் துணை நிற்பது எங்கள் பணி. கட்டணம் கிடையாது. நான் வண்டி ஓட்டுநர். குடைக்காரம்மாவைப் பற்றி ஆளுக்கொரு விதமாகப் பேசிவிட்டதால், நடந்ததை நடந்தபடி எழுத வேண்டியிருக்கிறது. இதற்குரிய தாள்கள் அனைத்தும் என்னிடம் உள்ளன.

எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் நோயாளியிடம் போகமாட்டார், சமையலறைக்குப் போவார். கை கழுவ அங்கிருக்கும் குழாய்தான் வேண்டும் என்பார். கழுவிக்கொண்டே அடுப்பு எரிந்திருக்கிறதா, அங்கே நிற்பவர் தலை வாரியிருக்கிறாரா, சாப்பிட்ட தட்டு ஒன்றாவது கிடக்கிறதா என்று பார்த்துவிடுவார். அவருடைய கணவர் படுக்கையில் கிடந்த காலத்தில் வந்தவர்கள் எல்லோரும் கணவரைத்தான் விசாரித்தார்களாம். நீ சாப்பிட்டாயா என்று இவரை ஒருவரும் கேட்கவில்லையாம். கணவர் போன பிறகு மருத்துவமனை வேலையை விட்டுவிட்டு இந்தப் பணிக்கு வந்தார்.

பெயிண்டுக் கடைக்கு மேலே, மின்தூக்கி இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் ஒரு வீடு. நோயாளி வாழ்நாள் முழுவதும் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். கண்டக்டரம்மா என்றால்தான் தெருவுக்குத் தெரியும். கட்டில் கம்பியில் பழைய விசில் தொங்கும். ஒரு முறை ஊதினால் நில், இரு முறை ஊதினால் போ. அவருக்கும் மருமகளுக்கும் நடக்கும் சண்டை அந்தக் கட்டடத்தில் பிரசித்தம். அது தொடங்கினால் பெயிண்டுக் கடைக்காரர் வானொலியை அணைத்துவிட்டுக் கேட்பார் என்று சொல்வார்கள்.

நோய் இன்னதென்று தெரிந்த அன்று மகனும் மருமகளும் கூடிப் பேசி, அம்மாவுக்குச் சொல்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். வெறும் வயிற்றுப்புண் என்று சொல்லிவைத்தார்கள். முதல் நாளே எங்களிடமும் அதைக் கேட்டுக்கொண்டார்கள். குடைக்காரம்மா மறைக்காமல் பதில் சொன்னார்.

"நானா வாயைத் திறக்கமாட்டேன். ஆனா அவங்களே கேட்டா பொய் சொல்லமாட்டேன்."

மருந்தில் வலி அடங்கியது. ஒரு நாள் கண்டக்டரம்மா மகனை அழைத்து, கட்டிலைத் தெருப்பக்கத்து ஜன்னலோரம் போடச் சொன்னார். தாம் போன பிறகு அந்த அறையைப் பிள்ளைகள் படிக்க ஒதுக்க வேண்டும் என்றும் சொன்னார். மகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. செவிலியர்தான் போட்டு உடைத்துவிட்டார் என்று அறக்கட்டளையின் செயலாளரிடம் புகார் கொடுத்தார். செயலாளர் யாரையும் விசாரிக்கவில்லை. குடைக்காரம்மா இனி வீடுகளுக்குப் போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. வண்டியைத் தொடக் கூடாது என்று எனக்கும் ஒன்று வந்தது. படுக்கைப்புண்ணுக்காகப் போட்ட காற்றுமெத்தையின் மின்கம்பியைச் சரிசெய்துகொண்டு அன்று அந்த அறையில் நின்றதுதான் நான் செய்த குற்றம். எழுத்துப்பூர்வமாக விளக்கம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் வாங்கினேன். பதில் இல்லை.

குடைக்காரம்மா வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. படுக்கைப்புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டுமே என்பதுதான் அவருடைய கவலை. புதிதாக அனுப்பப்பட்ட செவிலியர் கட்டிலை நெருங்கியதும் கண்டக்டரம்மா விசிலை ஒரு முறை ஊதினார். பழைய சிஸ்டர் வரும்வரை யாரும் தொடக் கூடாது என்றார். மறுநாளும் அதே கதை. புண்ணை அப்படியே விட்டால் மீண்டும் மருத்துவமனைதான். அங்கிருந்து வீடு திரும்புவது நிச்சயமில்லை.

வேறு வழியின்றிச் செயலாளரே நேரில் விசாரிக்கப் புறப்பட்டார். வண்டி ஓட்ட ஆள் இல்லை. என்னை ஓட்டச் சொன்னார். எழுதிக் கொடுங்கள் என்றேன், எழுதிக் கொடுத்தார். பின்இருக்கையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு குடைக்காரம்மா உட்கார்ந்திருந்தார்.

மாடி ஏறியதும் அவர் வழக்கம்போலச் சமையலறைக்குக் கை கழுவப் போய்விட்டார். செயலாளர் கட்டிலருகே நாற்காலியில் அமர்ந்து, உங்கள் நோயைப் பற்றிச் சிஸ்டர் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

"சிஸ்டர் சொல்லல. என் மருமகதான் சொன்னா."

வாசற்படியில் நின்ற மருமகள் அதிர்ந்துபோனார். "நானா? நான் ஒரு வார்த்தை பேசல அத்தை."

"அதத்தான் சொல்றேன். இவ வந்த நாள்லேருந்து, சாப்பாட்டுல உப்பில்லன்னா, 'உங்க நாக்கை டாக்டர்கிட்ட காட்டுங்க'ம்பா. ஆஸ்பத்திரிலேருந்து வந்த அன்னிக்கு, 'வேற செஞ்சு தர்றேன் அத்தை'ன்னா. சரி, நமக்கு டிக்கெட் கிழிச்சாச்சுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு."

பிறகு மகனைப் பார்த்தார்.

"பஸ்ல தூங்கறவங்களையெல்லாம் தட்டி எழுப்பி, உங்க ஸ்டாப் வருது, மூட்டைய எடுத்து வெச்சுக்குங்கன்னு சொன்னவடா நான். என்னை மட்டும் சொல்லாம இறக்கிவிடப் பாத்தீங்களா?"

மருமகள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்ததும் அவருடைய குரல் மாறியது.

"நாலு மாசமா நாக்கைக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கேன். உப்பு சரியாத்தானே இருந்துச்சு? வேணும்னே தானே குறை சொன்னீங்க?"

"பின்ன? எப்படா நீ வாயத் திறப்பேன்னு பாத்தேன்."

"திறந்தா தாங்கமாட்டீங்க."

"திறந்துதான் பாரேன்."

மருமகள் திறந்தார். உப்பில் தொடங்கி, கல்யாணத்தன்று காணாமல்போன குடம் வரை போனார்கள். கீழே வானொலி நின்றது. அந்த ஆரவாரத்துக்கு நடுவே குடைக்காரம்மா கண்டக்டரம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, பழைய கட்டைப் பிரித்து, புண்ணைச் சுத்தம் செய்து, புதிய கட்டுப்போட்டு முடித்தார். வலிக்கிறதா என்று கேட்டதற்கு, பேசும்போது குறுக்கே வராதே என்று அதட்டல்தான் கிடைத்தது. செயலாளர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டரம்மா அவரைக் கவனித்து, விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். செயலாளர் எழுந்துகொண்டார்.

மறுநாள் இரண்டு உத்தரவுகளும் ரத்தாயின. ரத்துக் கடிதத்தில் வருத்தம் என்ற சொல் இல்லை. அதைக் குறிப்பிட்டு நான் அனுப்பிய கடிதத்துக்கும் பதில் இல்லை. குடைக்காரம்மாவுக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு, வண்டியை எடு தம்பி, கட்டு மாற்றும் நேரமாயிற்று என்றார்.

கண்டக்டரம்மா கடைசிவரை மருத்துவமனைக்குத் திரும்பவில்லை. ஜன்னலோரக் கட்டிலில், தெருவில் போகும் பேருந்துகளைக் குறை சொல்லிக்கொண்டே இருந்து, அங்கேயே கண்மூடினார். நாங்கள் கடைசியாகப் போன அன்று, இரண்டாம் மாடி திரும்பும்போதே மேலிருந்து இரண்டு குரல்களும் கேட்டன. ஒன்று மெலிந்திருந்தது, ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. நான் அடுத்த படியில் கால் வைத்தேன். குடைக்காரம்மா குடையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார்.

"இரு தம்பி. முடியட்டும்."

இருவரும் படியிலேயே உட்கார்ந்தோம். முடியவில்லை.